ஒரே மாதிரிப் பக்கங்களுக்கு நடுவே உங்கள் கடை தேடலில் தெரிய: பாம்பன் கரையிலிருந்து ஒரு வழிகாட்டி

பாம்பனில் நாங்கள் கருவாடு போடுகிறோம். அம்மாவும் பெரியம்மாவும் காயப்போடுவார்கள். பொட்டலம் கட்டுவது, கூரியரில் அனுப்புவது, போன் எடுப்பது எல்லாம் என் வேலை. வெளியூர் ஆட்கள் நேரடியாக வாங்கட்டும் என்று ஒரு வெப்சைட் போட்டோம். மீனுக்கு ஒன்றாகப் பதினான்கு பக்கம். பதினோரு மாதம் ஆகியும் அதைப் பார்த்து ஒருவர்கூடப் போன் செய்யவில்லை. “பாம்பன் நெத்திலி கருவாடு” என்று நானே கூகுளில் தேடினாலும் எங்கோ உள்ள கடைகள்தான் வந்தன.

காரணம் பிறகுதான் தெரிந்தது. பதினான்கு பக்கத்தில் இரண்டை மட்டும் கூகுள் தன் கணக்கில் வைத்திருந்தது. மற்ற பன்னிரண்டையும் “நகல்” என்று ஒதுக்கியிருந்தது. அது சொன்னதில் தப்பும் இல்லை. சைட் செய்து கொடுத்தவர் ஒரே வாசகத்தை எடுத்து, மீன் பெயரை மட்டும் மாற்றிப் பதினான்கு தடவை ஒட்டியிருந்தார். அந்த வாசகமும் வேறொரு கடையின் பக்கத்தில் இருந்ததுதான்.

இதைச் சரிசெய்ய எனக்கு ஏழு மாதம் ஆனது. வரிசை தெரிந்திருந்தால் இரண்டு மாதத்தில் முடிந்திருக்கும். கருவாடோ, கருப்பட்டியோ, சாயல்குடிப் பக்கத்து ஓலைப்பெட்டியோ, ராமேஸ்வரத்தில் தங்கும் அறையோ, விற்பது எதுவானாலும் வழி ஒன்றுதான். ஒரே மாதிரியான பக்கங்களில் தேடல் தளம் ஒன்றைத்தான் காட்டும். அந்த ஒன்று உங்களுடையதாக இருப்பதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதைக் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

## 1. டொமைன் யார் பெயரில் இருக்கிறது?

எல்லாவற்றுக்கும் முன்னால் இதைப் பாருங்கள். டொமைன் என்பது உங்கள் சைட்டின் முகவரிப் பெயர். அதைப் பதியும்போது கொடுத்த மின்னஞ்சலும் செல்போன் எண்ணும் யாருடையதோ, பூட்டின் சாவி அவரிடம்தான் இருக்கிறது. எங்களுடையது சைட் செய்தவர் கணக்கில் இருந்தது. ஒரே ஒரு வரி சேர்க்க அவர் போனுக்காக மூன்று வாரம் காத்திருந்தேன்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் டொமைனை நீங்களே, உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கார்டில் வாங்குங்கள். ஏற்கெனவே வேறொருவர் பெயரில் இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். அவர் வைத்திருக்கும் அதே நிறுவனத்திலேயே நீங்களும் ஒரு கணக்குத் தொடங்கினால் அதற்குள் நகர்த்துவது சுலபம். வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோக ஒரு ரகசியக் குறியீடு வேண்டும். டாட் காம் பெயர் என்றால் பதிந்த முதல் 60 நாளுக்குள் பொதுவாக அப்படி மாற்ற விடமாட்டார்கள்.

செலவு: முதல் ஆண்டு சலுகை விலை 150 ரூபாய் என்று போட்டிருப்பார்கள். பார்க்க வேண்டியது புதுப்பிக்கும் விலை. எனக்கு ஆண்டுக்கு 900 ரூபாய் சுமாருக்கு வருகிறது, சைட்டை வைக்கும் இடத்துக்கான வாடகை, அதாவது ஹோஸ்டிங், 2,800. இதற்குக் கீழே நான் சொல்லும் கருவிகள் எல்லாமே இலவசம்.

## 2. கடைக்கான காகிதங்கள், அதிலேயே ஒரு கண்ணி

உணவுப் பொருள் விற்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ (அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு வேண்டும். நான் பதிந்தபோது ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் உள்ள சிறு கடைக்குக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்தான். புகைப்படமும் அடையாளச் சான்றும் கேட்டார்கள். கிடைக்கும் 14 இலக்க எண்ணை சைட்டிலும் பொட்டலத்திலும் போட்டுவிடுங்கள். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவுக்கு ஆதாரும் பான் எண்ணும் போதும், கட்டணம் கிடையாது.

கண்ணி இங்கேதான். இந்தப் பதிவுகளைக் கூகுளில் தேடினால் மேலே வருகிறவற்றில் பல தனியார் பக்கங்கள். கொடி நிறம், சின்னம், படிவம் எல்லாம் அரசுப் பக்கத்தை அப்படியே ஒத்திருக்கும். பெரியம்மா மகன் உத்யம் பதிவுக்காக அப்படி ஒரு பக்கத்தில் 1,999 ரூபாய் கட்டிவிட்டான். காசே இல்லாமல் கிடைப்பது அது. பட்டியலில் மேலே இருப்பதாலேயே ஒன்று உண்மையானது ஆகிவிடாது. பெயருக்கு மேல் “ஸ்பான்சர்டு” என்று இருந்தால் காசு கொடுத்து வாங்கிய இடம் என்று அர்த்தம். முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா என்று பார்த்த பிறகே ஆதார் எண்ணைப் போடுங்கள்.

## 3. உங்கள் தமிழ் எழுத்து உண்மையில் தமிழ்தானா?

இதை ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம், ஆனால் இதைத் தவறவிட்டால் மற்ற எதுவும் பலிக்காது. நம் பக்கத்து அச்சகங்களிலும் டிடிபி கடைகளிலும் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டுகிறார்கள். நோட்டீஸ் அடிக்க அது சரி. ஆனால் அதை சைட்டில் ஏற்றினால் கண்ணுக்குத்தான் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். தேடல் தளம் அதைத் தமிழ் என்றே எடுத்துக்கொள்ளாது.

சோதிப்பது எப்படி? பக்கத்திலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் அது யூனிகோடு, எல்லாக் கருவியும் தமிழ் என்றே படிக்கும் பொது எழுத்து முறை. “mk;kh” போலக் கலைந்து வந்தால் முழுவதையும் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு கொம்பு, கால் சரியாக வந்திருக்கிறதா என்று ஒரு தடவை வாய்விட்டு வாசியுங்கள்.

அதே போல, விலைப்பட்டியலைப் படமாக மட்டும் போடாதீர்கள். ஃபிளெக்ஸ் போர்டுக்குச் செய்த படத்தை அப்படியே சைட்டில் ஏற்றுவது இங்கே எல்லோரும் செய்கிற வேலை. படத்தில் உள்ள எழுத்தை நம்பி இருக்காதீர்கள். பெயரும் விலையும் எழுத்தாகவும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

## 4. தேடல் தளம் உங்களைப் பார்த்திருக்கிறதா?

கூகுள் தேடல் பெட்டியில் சைட் என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டி, ஒட்டி ஒரு கோலன், அதையும் ஒட்டி உங்கள் டொமைன். இடைவெளி கூடாது. உங்கள் பக்கங்களில் அது வைத்திருப்பவற்றைக் காட்டும். இது தோராயம்தான். முழு விவரத்துக்கு சர்ச் கன்சோல் கணக்கு வேண்டும். உங்கள் சைட் தேடலில் எப்படி இருக்கிறது என்று கூகுளே காட்டும் கருவி அது.

சர்ச் கன்சோலில் உங்கள் டொமைனைச் சேர்த்தால், அது உங்களுடையதுதான் என்று நிரூபிக்கக் கேட்கும். டொமைன் வாங்கிய இடத்தில் உள்ள டிஎன்எஸ் அமைப்பில், கூகுள் தரும் ஒரு டிஎக்ஸ்டி வரியைச் சேர்ப்பது நல்ல வழி. எனக்கு அரைமணி நேரத்தில் ஏற்றுக்கொண்டது, சிலருக்கு ஓரிரு நாள் ஆகலாம். உள்ளே போனதும் “பேஜஸ்” என்ற பகுதிக்குப் போங்கள். பச்சையில் எத்தனை, சாம்பலில் எத்தனை என்று இருக்கும். சாம்பல் பட்டியலில் கீழே இறங்கினால் காரணங்கள் தெரியும். அவற்றில் நமக்கு வேண்டியவை இவை (கனானிக்கல் என்றால் மூலப் பக்கம்):

- “டூப்ளிகேட் வித்தவுட் யூசர்-செலக்டட் கனானிக்கல்”: இந்தப் பக்கம் இன்னொன்றின் நகல் போல இருக்கிறது, எது மூலம் என்று நீங்களும் சொல்லவில்லை.
- “டூப்ளிகேட், கூகுள் சோஸ் டிஃபரண்ட் கனானிக்கல் தேன் யூசர்”: நீங்கள் ஒன்றைச் சொன்னீர்கள், கூகுள் வேறொன்றை மூலமாக எடுத்துக்கொண்டது.
- “கிரால்டு, கரண்ட்லி நாட் இண்டெக்ஸ்டு”: வந்து படித்தது, எடுத்துவைக்கவில்லை.
- “எக்ஸ்க்ளூடட் பை நோஇண்டெக்ஸ்”: எடுக்காதே என்று உங்கள் பக்கமே சொல்கிறது.

கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் மறதியால் வருவது. சைட் செய்யப் பலரும் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் அமைப்புகளில் “ரீடிங்” என்ற பகுதியில், தேடல் தளங்கள் வரவேண்டாம் என்று சொல்லும் ஒரு கட்டம் இருக்கிறது. வேலை நடக்கும்போது அதில் டிக் போட்டுவைப்பார்கள், முடிந்ததும் எடுக்க மறந்துவிடுவார்கள். தங்கச்சிமடத்தில் எனக்குத் தெரிந்த ஒரு அக்காவின் கடை ஒன்றரை ஆண்டு இப்படியே கிடந்தது. டிக்கை எடுத்த ஒன்பதாம் நாள் அவர் கடைப் பெயர் தேடலில் வந்தது.

நகல் என்று ஒதுக்குவது தண்டனை இல்லை. நிறையப் பேர் பயந்து போய் சைட்டையே அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறார்கள். ஒரே மாதிரியான பக்கங்களை ஒரு கட்டாகக் கட்டி, மேலே ஒன்றை வைக்கிறது, அவ்வளவுதான். அழிக்க வேண்டாம்.

## 5. “ஒரே மாதிரி” என்று எப்படி அளக்கிறது?

இது புரிந்த பிறகுதான் என் வேலை வேகமானது. அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். எங்கள் பழைய நெத்திலிப் பக்கத்தில் இருந்த வரி இது:

“பாம்பன் கடலில் பிடித்த சுத்தமான நெத்திலி கருவாடு குறைந்த விலையில் வீட்டுக்கே வரும்”

பத்து வார்த்தை. இதை மும்மூன்று வார்த்தையாக, ஒவ்வொன்றாக நகர்ந்து வெட்டுங்கள். “பாம்பன் கடலில் பிடித்த”, “கடலில் பிடித்த சுத்தமான”, “பிடித்த சுத்தமான நெத்திலி” என்று எட்டுத் துண்டு வரும். சாளைப் பக்கத்தில் இதே வரி, நெத்திலி இருந்த இடத்தில் சாளை. அதையும் வெட்டினால் எட்டு. இரண்டிலும் பொதுவானவை ஐந்து. மாறியவை மூன்று மட்டும், அந்த மீன் பெயர் இருக்கும் துண்டுகள். இரண்டு பக்கமும் சேர்த்து வெவ்வேறான துண்டுகள் பதினொன்று. ஐந்தைப் பதினொன்றால் வகுத்தால் 45 சதவீதம்.

பரவாயில்லையே என்று தோன்றும். ஒரு வரியில் அப்படி. முழுப் பக்கத்தைப் பாருங்கள். 200 வார்த்தை என்றால் 198 துண்டு. மீன் பெயர் தள்ளித் தள்ளி ஐந்து இடத்தில் வந்தால் 15 துண்டு மாறும், 183 துண்டு அப்படியே இருக்கும். வெவ்வேறான துண்டுகள் மொத்தம் 213. வகுத்தால் 86 சதவீதம் ஒற்றுமை. எங்கள் பதினான்கு பக்கத்துக்கும் இந்தக் கதைதான்.

இந்த வெட்டும் முறையை ஆண்ட்ரே ப்ரோடர் 1997-இல் வெளியிட்டார். ஒவ்வொரு பக்கத்தையும் 64 பிட் (0 அல்லது 1) நீளமுள்ள ஒரு கைரேகையாகச் சுருக்கி, இரண்டு கைரேகைக்கும் 3 பிட்டுக்கு மேல் வித்தியாசம் இல்லையென்றால் கிட்டத்தட்ட ஒரே பக்கம் என்று எடுக்கும் முறையை, 800 கோடிப் பக்கங்களுக்குப் பொருந்தும் என்று கூகுள் ஆட்கள் 2007-இல் எழுதினார்கள். இன்று உள்ளே ஓடும் கணக்கை அவர்கள் வெளியில் சொல்வதில்லை. ஆனால் நம் வேலைக்கு இந்த வெட்டுக் கணக்கே போதும். உங்கள் இரண்டு பக்கங்களை அச்சடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் இருக்கும் வரிகளைப் பேனாவால் அடித்துப் பாருங்கள். மிஞ்சுவதுதான் உங்கள் பக்கம்.

வார்த்தைக்கும் எடை உண்டு. எல்லாப் பக்கத்திலும் வருகிற வார்த்தைக்கு எடை குறைவு, சில பக்கங்களில் மட்டும் வருவதற்கு எடை அதிகம். “தரமான”, “சுத்தமான”, “சிறந்த” என்று எழுதாத கருவாட்டுக் கடை கிடையாது. அவற்றால் உங்களுக்கு ஒரு பலனும் இல்லை. “உப்பில்லா நெத்திலி”, “வலைப் பரண்” (மீன் காயப்போட வலை விரித்த மேடை), “தென்கடல்” (பாம்பனுக்குத் தெற்கே உள்ள மன்னார் வளைகுடா) போன்றவை எடையுள்ள வார்த்தைகள்.

## 6. உங்களை ஒத்த பக்கங்களை நீங்களே தேடிப் பிடியுங்கள்

ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் எட்டுப் பத்து வார்த்தையுள்ள ஒரு வரியை எடுத்து, இரட்டை மேற்கோள் குறிக்குள் வைத்துத் தேடுங்கள். அதே வரிசையில் அதே வார்த்தைகள் உள்ள பக்கங்கள் வரும். பக்கத்தின் நடுவிலிருந்து எடுப்பது நல்லது. முதல் வரியை மாற்றிவிட்டு நடுவை அப்படியே விட்டிருப்பார்கள். படங்களுக்கு, படத்தை வைத்தே தேடும் கூகுள் லென்ஸ் இருக்கிறது. எங்கள் சைட்டில் இருந்த வாளைக் கருவாட்டுப் படம் வேறு எத்தனையோ கடைகளில் இருந்ததை அதில்தான் பார்த்தேன்.

பிறகு, வாங்க வருகிறவர் தட்டக்கூடிய வார்த்தையில் தேடி, முதலில் வரும் பத்துப் பக்கங்களைத் திறந்து வாசியுங்கள். மூன்று விஷயம் எழுதுங்கள்: எல்லாரும் சொல்வது என்ன, ஒருவர் மட்டும் சொல்வது என்ன, ஒருவருமே சொல்லாதது என்ன. மூன்றாவது பகுதிதான் உங்களுக்கான இடம். நான் பார்த்த பத்தில் மணல் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆனால் எனக்கு வரும் போனில் பாதிப் பேர் கேட்பது “மணல் இருக்குமா அக்கா?” என்றுதான்.

தேடும்போது மறைவுச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) தேடுங்கள். உங்கள் போனில் உங்கள் கடையை நீங்களே பத்துத் தடவை திறந்திருப்பீர்கள். அதைவைத்து மேலே வந்துவிட்டோம் என்று நினைத்துவிடக் கூடாது. பாம்பனில் உட்கார்ந்து தேடுவதும் கோவையில் தேடுவதும் ஒன்றில்லை. நம்பக்கூடியது சர்ச் கன்சோலில் “பெர்ஃபார்மன்ஸ்” பகுதி. எந்தச் சொல்லுக்கு எத்தனையாவது இடத்தில் வந்தீர்கள் என்று 16 மாதத்துக்கு வைத்திருக்கும்.

## 7. ஒரே பக்கத்துக்கு நாலைந்து முகவரியா?

மூன்று டபிள்யூ உள்ளதும் இல்லாததும், எஸ் உள்ள எச்டிடிபியும் இல்லாததும், ஃபேஸ்புக்கில் பகிரும்போது வாலில் ஒட்டிக்கொள்ளும் நீளமான குறியும், விலை வரிசைப்படி அடுக்கும்போது மாறுவதும் தேடல் தளத்துக்குத் தனித்தனி முகவரிகள். ஆள் ஒருவர்தான், கதவு மட்டும் ஐந்து.

ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். டபிள்யூ, எச்டிடிபி போன்ற மற்ற முகவரிகளை 301 என்ற நிரந்தரத் திருப்பலால் அதற்கு அனுப்பச் சொல்லுங்கள். திருப்ப முடியாத வால் குறிகளுக்கு, பக்கத்தின் தலைப்பகுதியில் கனானிக்கல் வரி இருக்க வேண்டும். “இதன் மூலப் பக்கம் இந்த முகவரியில் இருக்கிறது” என்று சொல்வது அது. உங்கள் மெனு, சைட்மேப் (தேடல் தளத்துக்குக் கொடுக்கும் பக்கப் பட்டியல்), வாட்ஸ்அப் கேட்டலாக் எல்லாவற்றிலும் அதே முகவரியைக் கொடுங்கள். கனானிக்கல் வரி ஒரு குறிப்பு மட்டுமே, கட்டளை இல்லை. நீங்கள் ஒன்றைச் சொல்லிவிட்டு மெனுவில் வேறொன்றை வைத்தால் கூகுள் தன் விருப்பப்படி எடுத்துக்கொள்ளும்.

இங்கே நான் மாட்டிக்கொண்ட இடத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பதினான்கு பக்கத்திலும் கனானிக்கல் வரி இருந்தது. பதினான்கும் முகப்புப் பக்கத்தைக் காட்டின! “நாங்கள் எல்லாம் முகப்பின் நகல்” என்று நாங்களே எழுதிக்கொடுத்தது போல. கணினியில் பக்கத்தைத் திறந்து, வலது கிளிக் செய்து “வியூ பேஜ் சோர்ஸ்” போய், கனானிக்கல் என்ற ஆங்கிலச் சொல்லைத் தேடிப் பாருங்கள். அதில் உள்ள முகவரி அந்தப் பக்கத்தின் சொந்த முகவரியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள்.

நகல் முகவரிகளை ரோபாட்ஸ் கோப்பில் (எங்கே வரக் கூடாது என்று தேடல் தளத்துக்குச் சொல்லும் கோப்பு) தடுத்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். தடுத்தால் உள்ளே வந்து கனானிக்கல் வரியைப் படிக்கவே முடியாது.

## 8. இனி எழுதுவது

பெரிய வேலை இதுதான். காசு ஆகாது, பொழுது ஆகும். பக்கத்துக்கு ஒரு ராத்திரி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பக்கங்களைக் குறையுங்கள். தனியாகச் சொல்ல விஷயம் இல்லாத மீனுக்குத் தனிப் பக்கம் வேண்டாம். பதினான்கை எட்டாக்கினேன். காரல், சூடை போன்ற பொடி மீன் எல்லாம் ஒரே பக்கம். பழைய முகவரிகளை 301 போட்டு அந்தப் பக்கத்துக்குத் திருப்பினேன்.

பிறகு ஒவ்வொரு பக்கத்துக்கும், காயப்போடுகிறவர்களிடமே போய்க் கேளுங்கள். நான் நோட்டோடு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். “என்னம்மா இதுல எழுத இருக்கு” என்றுதான் ஆரம்பித்தார்கள். அரைமணி நேரத்தில் நாலு பக்கம் நிறைந்தது. மீன் வடகடலில் வந்ததா தென்கடலில் வந்ததா, உப்புப் போட்டதா இல்லையா, மணலில் போடாமல் வலை விரித்த பரணில் ஏன் போடுகிறோம், நாலு கிலோப் பச்சை நெத்திலி காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோதான் தேறும் என்பதால் விலை ஏன் அப்படி, மூட்டம் போட்ட நாளில் காய்ந்தது எப்படி நிறம் மாறும், ஈரம் இருந்தால் விரலில் எப்படித் தெரியும், எத்தனை தண்ணீர் அலச வேண்டும். இதில் ஒரு வரியைக்கூட வேறு கடை எழுதியிருக்க முடியாது, ஏனென்றால் அந்த முற்றத்தில் அவர்கள் இல்லை.

பெயரை எப்படி எழுதுவது என்பதில் கவனம் வேண்டும். நெத்திலி, நெத்தலி இரண்டும் தேடுகிறார்கள். ராமநாதபுரம், இராமநாதபுரம், ராம்நாடு, ராமேஸ்வரம், இராமேசுவரம், தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்கள் வேறு. ஒவ்வொரு எழுத்துக் கூட்டலுக்கும் ஒரு பக்கம் போடாதீர்கள். மறுபடி நகல்தான் வரும். ஒரே பக்கத்தில், பேச்சோடு பேச்சாக, இரண்டு மூன்று பெயரும் வந்தால் போதும். தலைப்பில் அதிகம் பேர் தட்டுவதை வையுங்கள். எது அதிகம் என்று பெர்ஃபார்மன்ஸ் பகுதி சொல்லும்.

ஆங்கிலப் பக்கமும் வேண்டுமென்றால் வைக்கலாம். முறையாக மொழிபெயர்த்த பக்கத்தை நகலாக எடுப்பதில்லை. மெனுவை மட்டும் ஆங்கிலமாக்கிவிட்டு உள்ளே தமிழை அப்படியே விட்டால் நகல்தான்.

ஏஐ செயலியிடம் “நெத்திலிக் கருவாடு பற்றி 300 வார்த்தை எழுது” என்று கேட்டு ஒட்டுவது இப்போது பழக்கமாகிவிட்டது. நம்மைப் போல நூறு கடை அதே கேள்வியைக் கேட்கும், வருவதும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். உங்கள் நோட்டில் உள்ளதைப் பிழை திருத்த அதைப் பயன்படுத்துங்கள், விஷயத்துக்கு அதை நம்பாதீர்கள்.

எழுதி முடித்ததும் சர்ச் கன்சோலின் மேல் பெட்டியில் பக்க முகவரியைப் போட்டு “ரிக்வெஸ்ட் இண்டெக்ஸிங்” கொடுங்கள். ஒரு நாளைக்குச் சிலவற்றுக்கு மேல் ஏற்காது. ஒரே பக்கத்துக்குத் திரும்பத் திரும்பக் கொடுப்பதால் வேகம் கூடாது. எனக்கு முதல் பக்கம் நாலு நாளில் வந்தது. நகல் என்று ஏற்கெனவே ஒதுக்கியிருந்தவை வெளிவர ஐந்தாறு வாரம் ஆனது. அந்த வாரங்களில் ஒன்றையும் மாற்றாமல் பொறுத்திருங்கள். நான்தான் பொறுமை இல்லாமல் நடுவில் முகவரிகளை மாற்றிவிட்டு, முதலிலிருந்து காத்திருந்தேன்.

## 9. வரைபடத்தில் இடம்

கூகுள் வரைபடத்தில் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் இலவசம். எங்களுக்கு முதல் போன் இதிலிருந்துதான் வந்தது. சரிபார்க்கப் பெரும்பாலும் வீடியோ கேட்கிறது. குறைந்தது 30 விநாடி, நடுவில் வெட்டாமல் எடுக்க வேண்டும். தெருவும் பக்கத்துக் கட்டடமும் தெரியட்டும், பிறகு பெயர்ப் பலகை, பிறகு சரக்கு, தராசு, கடைசியாகக் கடைக் கதவை நீங்களே சாவி போட்டுத் திறப்பது. மற்றவர் முகமும் வங்கி விவரமும் படக் கூடாது. பதில் வர ஐந்து வேலை நாள் வரை ஆகலாம். சிக்னல் நன்றாக இருக்கும் நேரத்தில் எடுங்கள். எனக்கு இரண்டு தடவை பாதியில் நின்றது.

பெயர்ப் பலகையில் உள்ள பெயரை மட்டும் போடுங்கள். “சிறந்த பாம்பன் கருவாடு மலிவு விலை” என்று வாலைச் சேர்த்தால் கணக்கு முடங்கலாம். வீட்டிலிருந்தே விற்று, ஆட்கள் வந்து வாங்கும் கடை இல்லையென்றால் முகவரியை மறைத்து, சேவை தரும் ஊர்களை மட்டும் குறிக்கலாம்.

## 10. உங்கள் பக்கத்தை வேறொருவர் எடுத்தால்

நன்றாக எழுதினால் இது நடக்கும். அம்மா சொன்ன மணல் வரியை அப்படியே ஒரு கடை போட்டிருந்தது. முதலில் இரண்டு பக்கத்தையும் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு நேரடியாக ஒரு செய்தி அனுப்புங்கள். எனக்கு அதிலேயே முடிந்தது, இரண்டு நாளில் எடுத்துவிட்டார்கள்.

முடியாவிட்டால் கூகுளின் காப்புரிமைப் புகார்ப் படிவம் இருக்கிறது, கட்டணம் இல்லை. உங்கள் பெயர், மூலப் பக்க முகவரி, நகல் பக்க முகவரி, சொல்வது உண்மை என்ற உறுதிமொழி கேட்கும். பொய்ப் புகார் சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும். உங்கள் புகாரின் நகல் லூமன் என்ற பொதுத் தொகுப்பில் பதிவாகலாம் என்பதையும் தெரிந்துகொண்டு கொடுங்கள். எடுத்தாலும் தேடலிலிருந்துதான் போகும், அந்தப் பக்கம் இணையத்தில் இருக்கத்தான் செய்யும்.

## 11. “முதல் பக்கம் கேரண்டி”

மாதம் 5,000 கொடுங்கள், மூன்று மாதத்தில் முதலிடம் என்று ஒருவர் சொன்னார். இரண்டு மாதம் கொடுத்தேன். செய்தது என்னவென்றால், “மதுரையில் பாம்பன் கருவாடு”, “திருச்சியில் பாம்பன் கருவாடு” என்று ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி நாற்பது பக்கம். நான் எந்தக் குழியிலிருந்து ஏறினேனோ அதே குழி. முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதிவைத்திருக்கிறது. உதவி வேண்டுமென்றால் 301 திருப்பல், கனானிக்கல் வரி போன்ற குறிப்பிட்ட வேலைக்கு ஒரு தொகை பேசிக் கொடுங்கள். மாதச் சந்தா வேண்டாம். சர்ச் கன்சோலில் அவருக்கு அனுமதி மட்டும் கொடுங்கள், உரிமையாளர் நீங்களாகவே இருங்கள்.

## 12. தடைக்காலத்தில் பக்கத்தை மூடாதீர்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகு கடலுக்குப் போகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் காயப்போட முடியாது. பக்கங்கள் தேடலில் வந்த பிறகு வந்த முதல் தடையில், சரக்கு இல்லாத பக்கங்களை எடுத்துவைத்துவிட்டுப் பிறகு போடலாம் என்று மறைத்துவிட்டேன். தேடல் தளம் வந்து பார்த்தது, பக்கம் இல்லை, கணக்கிலிருந்து நீக்கிவிட்டது. ஜூன் கடைசியில் திரும்பப் போட்டேன். பழைய இடத்துக்கு வர ஆகஸ்டு பாதி ஆனது, நல்ல விற்பனை நாள் அத்தனையும் போனது.

இப்போது பக்கம் அப்படியே இருக்கும். விலை இருக்கும் இடத்தில் மட்டும் இந்த வரியை மாற்றுகிறேன்: “இப்போது கையில் இல்லை. தடை முடிந்து முதல் சரக்கு காய்ந்ததும் எடுத்துவைக்க வேண்டுமா? வாட்ஸ்அப்பில் பெயரும் எடையும் அனுப்புங்கள்.” போன தடைக்காலத்தில் அந்த ஒரு வரிக்கு முப்பத்தொரு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். வரைபடத்திலும் நேரத்தை மாற்றி வையுங்கள். “நிரந்தரமாக மூடப்பட்டது” என்ற பொத்தானைத் தொடாதீர்கள். “தற்காலிகமாக” என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதுதான் நமக்கு.